கண் கொட்டாத ஐந்து நிமிடம்

நாகநாதன் சாமியை நம்பாதவர், சாதகத்தை நம்பாதவர், மனிதர்களில் பாதிப் பேரை நம்பாதவர். வடிதாளை மட்டும் நம்பினார். காரைக்குடியில் டாக்டர் பெத்தாச்சியின் கண் ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேருவதற்கு முன், கல்லூரி ரசாயனக் கூடத்தில் ஒன்பது வருடம் குடுவை கழுவியவர் அவர். அங்கே கரைசல்களை வடிகட்டப் பயன்படும் அந்த வடிதாளைத்தான் இங்கே அரை சென்டிமீட்டர் அகலத்தில் பட்டை பட்டையாக நறுக்கினார். நுனியை மடித்து நோயாளியின் கீழிமைக்குள் செருகித் தொங்கவிடுவார். ஐந்து நிமிடத்தில் கண்ணீர் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்று அளப்பார். பதினைந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் நல்ல கண். ஐந்தைக்கூட எட்டாவிட்டால் வறண்ட கண். "மனுசன் பொய் சொல்லுவான், தாளு சொல்லாது" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

1972 ஆவணியில் பொன்னழகு இரண்டாம் முறையாக வந்தாள். கல்லல் பக்கத்துக் கிராமத்திலிருந்து நூற்பாலைக்கு வேலைக்கு வருகிறவள். எட்டு மாதத்துக்கு முன், கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல் உறுத்துகிறது, பஞ்சு பறக்கும் கூடத்தில் நிற்க முடியவில்லை, நூல்கட்டுப் போடும் பகுதிக்கு மாற்றுங்கள் என்று ஆலையில் கேட்டிருந்தாள். மேலாளர் டாக்டர் சீட்டு கொண்டுவரச் சொன்னார். சோதித்தபோது தாள் முழுக்க நனைந்தது: முப்பது மில்லிமீட்டர். 'கண்ணீர் போதுமானது' என்று நாகநாதன் எழுத, டாக்டர் கையெழுத்துப் போட்டார். மேலாளர் அந்தச் சீட்டை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டி, வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறாள் என்று சொல்லி, அவளை அதே பஞ்சுக்குள் திருப்பி அனுப்பினார்.

இப்போது அவள் இடக்கண்ணின் கருவிழியில் உளுந்தளவு வெள்ளை விழுந்திருந்தது.

"இந்தத் தடவையும் தாளு நனைஞ்சா வேலையை விட்டே நிப்பாட்டிருவாகளாம்ணே. நெசத்தை எழுதுங்க" என்றாள்.

"நானா எழுதுறேன்? தாளுல்ல எழுதுது ஆத்தா. அசையாம நேரே பாரு. கண்ணை மூடிறாதே."

தாளைத் தொங்கவிட்டதும் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவது அவர் வழக்கம். அன்றைக்கு வெளியே ஆள் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார்.

ஒரு நிமிடம் போனது. அவள் கண் கொட்டவில்லை. சேலை முந்தியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. விழி சிவந்து, கண்ணீர் பொலபொலவென்று ஊற்றி, தாள் நுனிவரை நனைந்து சொட்டியது. அப்போதும் இமை அசையவில்லை.

"ஏய், ஏய்! ஏன் இப்படி முழிச்சுக்கிட்டே இருக்கே? கண்ணைக் கொட்டு!"

"கொட்டலாமாண்ணே?"

"கொட்டாம எப்படி இருப்பே?"

"நீங்கதான மூடாதேன்னீக. எங்க ஊருல களவு கிளவு போனா, கருப்பர் முன்னாடி சூடத்தைக் கொளுத்தி நிப்பாட்டுவாக. அது அணையுற மட்டும் கண்ணு கொட்டாமப் பாக்கணும். கொட்டிட்டா சொன்னது பொய்யி. இதுவும் அது மாதிரின்னு நெனச்சேன். போன தடவையும் ஒருவாட்டிகூடக் கொட்டலை."

நாகநாதனுக்குப் புரிந்துவிட்டது. கொட்டாத கண் காய்ந்து எரியும். எரிகிற கண் தன்னைக் காத்துக்கொள்ள நீரைக் கொட்டும். அந்த வேதனைத் தண்ணீரை அளந்துதான், நல்ல கண் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவளைக் கண்ணை மூடி அரை மணி நேரம் படுக்கவைத்தார். பிறகு புதுத் தாளை வைத்துப் பேச்சுக் கொடுத்தார்.

"இன்னைக்கு வீட்டுல என்ன கொழம்பு?"

"பஞ்சுக் கொழம்புதான். ஆலையில தெனமும் அதைத்தான முழுங்குறோம்."

சிரித்தாள். இமைகள் தன் போக்கில் மூடித் திறந்தன. ஐந்து நிமிடம் கழித்து அளந்தார். மூன்று மில்லிமீட்டர்.

நாகநாதன் சோதனை நோட்டைப் புரட்டினார். இரண்டு வருடத்தில் அந்த ஆலையிலிருந்து வந்த பெண்கள் பத்தொன்பது பேர். பதினான்கு பேருக்கு நேரே அவருடைய கையெழுத்தில் முப்பது, முப்பது, முப்பது. கருப்பர் கோயில் சத்தியத்தைக் காட்டுமிராண்டித்தனம் என்று டீக்கடையில் பெஞ்சைத் தட்டிப் பேசியவர் அவர். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அதையேதான் இங்கே நடத்தியிருக்கிறார். சூடத்துக்குப் பதில் கடிகாரம், அவ்வளவே.

'மூன்று மில்லிமீட்டர். முன் சோதனை எங்கள் தவறு' என்று நாகநாதன் எழுதிய புதுச் சீட்டைப் படித்த டாக்டருக்கு முகம் வெளிறியது. "அந்த வெள்ளை இனி மறையாது, நாகநாதா. ஆனா இதை அனுப்பினா நம்ம தப்பை நாமளே ஒத்துக்கிட்டதா ஆகுமே. ஆலைக்காரரு எனக்குப் பங்காளி வேற."

"பங்காளிக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு, டாக்டர். போனது இவளுக்கு. இன்னும் பதிமூணு பேருக்கு என்ன ஆச்சுன்னே தெரியலை. கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு அவுகளையும் கூப்பிடணும்."

பெத்தாச்சி பேனாவைத் திறந்தார்.

வெளியே பொன்னழகு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"நூல்கட்டுப் பகுதிக்கு மாத்தச் சொல்லி எழுதியிருக்கு" என்றார் நாகநாதன்.

"அது கெடக்கட்டும்ணே. நான் பொய் சொல்லலைன்னு இதுல இருக்கா? 'தாளே சொல்லிருச்சே'ன்னு எட்டு மாசமா எம் மாமியா குத்திக் காட்டுது."

அவர் சீட்டின் கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

"இருக்கு ஆத்தா. பொய் சொன்னது நாங்கன்னு எழுதியிருக்கு."