நகரசபை கீறித் தந்த கிளித்தட்டு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வீடு இல்லாமல் இருந்தது. பலெர்மோவில் கபோ சந்தைப் பக்கம் ஒரு வீடு இல்லாமல் இருப்பது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஜன்னலைத் திறந்தால், எதிர்வீட்டுக்காரி பொரிக்கிற கத்தரிக்காய்க்கு உப்புக் காணாது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லலாம். தெருக்கள் அவ்வளவு ஒடுக்கம். அந்த நெரிசலுக்கு நடுவில், பழைய உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த ஒரு மாளிகையின் நிலம் மட்டும் ஒருவரும் திரும்பிப் பாராமல் கிடந்தது. குண்டுக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த பிள்ளைகளுக்கு விளையாட வெளி ஒதுக்கித் தந்தது இன்னொரு குண்டு. அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அம்மாவுக்குச் சிரிப்பு வராது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவுக்கு லிபெர்த்தா என்கிற பணக்காரத் தெருவில் ஓர் இத்தாலியச் சிஞோராவின் வீட்டில் வேலை. அப்பாவுக்கு ஸ்டேஷனடி ஹோட்டல் ஒன்றின் குசினியில். எங்கள் வீடோ ஒரே ஓர் அறை, அதற்கு ஒரு பால்கனி. பள்ளி விட்டு வந்தால் எனக்கும் தம்பிக்கும் இரண்டே இடங்கள்தான்: ஒன்று அந்த அறை, மற்றது பால்கனியிலிருந்து பார்த்தால் தெரிகிற அந்த வெளி. தெருப்பக்கம் போனால் காலை முறிப்பேன் என்பது அம்மாவின் சட்டம். ஆகவே வெளி இல்லையென்றால், அம்மா வரும்வரை கட்டிலில் குந்தியிருந்து தம்பியின் முகத்தைப் பார்க்கவேண்டியதுதான். மழைக்காலத்தில் அதை அனுபவித்திருக்கிறேன். என் எதிரிக்கும் அந்தத் தண்டனை வேண்டாம்.

எங்களைப் பார்த்துக்கொண்டவர் சின்னம்மா, அம்மாவின் தங்கை. ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பிப் புறப்பட்டு, எந்தெந்த நாடோ சுற்றி அந்த வருடம்தான் வந்து சேர்ந்திருந்தார். காலையில் மாடிப்படி கழுவுகிற வேலை, பின்னேரம் எங்களுக்குக் காவல். அண்ணன்மாரோடு மல்லுக்கட்டி வளர்ந்தவர். கை கால் நீட்டம், வாய் அதைவிட நீட்டம்.

ஒரு வசந்தகாலத்தில் நகரசபைக்குப் பழைய நகரத்தின்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. இடிந்த சுவர்களுக்குச் சாரம் கட்டினார்கள். எந்தத் தெருவில் கார் போகலாம், எங்கே நிற்கலாம் என்று புதிதாகத் திட்டம் போட்டார்கள். எங்கள் வெளிக்கும் ஒருவர் வந்தார். சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கொண்டையில் பென்சில் செருகிய ஓர் இளம் பெண். நகரசபையின் கட்டடக் கலைஞர். எல்லோரும் அவரை ‘அர்கித்தெத்தோ’ என்று கூப்பிட்டார்கள். நல்ல மனுசி. அளவுநாடாவின் ஒரு நுனியைப் பிடிக்கும்படி தம்பியிடம் கொடுத்தார். அவன் அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை, அவ்வளவு பெருமை.

பிறகு கல்லும் முள்ளும் போயின. தார் வந்தது. கடைசியாக ஒரு நாள் பள்ளியால் வந்து பார்க்கிறேன், தாரின்மேல் வெள்ளைக் கோடுகள்! நடுவில் நீளமாய் ஒன்று. அதன் இரண்டு பக்கமும் ஒழுங்காக, ஒரே இடைவெளியில் குறுக்குக் கோடுகள். மூலையில் நீல போர்டு ஒன்றும் நட்டிருந்தார்கள். நான் மூச்சிரைக்க மேலே ஓடிப்போய்ச் சின்னம்மாவை பால்கனிக்கு இழுத்துவந்தேன். அவர் ஈரக்கையோடு எட்டிப் பார்த்தார். கண் அகன்றுவிட்டது.

“எடியே! கிளித்தட்டு!”

கிளித்தட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கட்சி குறுக்குக் கோடுகளில் ஆளுக்கொரு கோடாகக் கையை விரித்து மறித்துக்கொண்டு நிற்கும். மற்றக் கட்சி அடி படாமல் நுழைந்து கடைசித் தட்டுவரை, அதாவது கடைசிக் கட்டம்வரை, போகவேண்டும். நடுக்கோட்டில் ஓடித் திரிந்து, அகப்பட்டவர் முதுகில் அறைகிறவர்தான் கிளி. சித்திரை வருடப்பிறப்புக்கு ஊரில் இதற்கென்று சுண்ணாம்புத் தூள் போட்டுக் கோடு கீறுவார்களாம். இங்கே நகரசபையே பெயிண்டில் கீறித் தந்திருக்கிறது என்று சின்னம்மா சொன்னார்.

எனக்கோ இத்தாலியன் எழுத்துத் தெரியும். “சின்னம்மா, அது பார்க்கிங். போர்டிலை போட்டிருக்கு. கார் விடப்போறாங்கள்” என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை முட்டியது.

“போர்டு அவங்கடை. கோடு எங்கடை” என்றார் சின்னம்மா. “வா, கீழை போவம்.”

பார்க்கிங் திறப்பதற்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அந்த இரண்டு கிழமையில் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். முதல் நாள் சின்னம்மாவும் நாங்கள் நாலைந்து பிள்ளைகளும். அடுத்த நாள், லிபெர்த்தாவில் வேலை முடித்துத் திரும்புகிற மன்னார் அன்ரிமார் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, “ஒரு ஆட்டம் மட்டும்” என்று இறங்கினார்கள். ஒரு ஆட்டம் எப்போதாவது ஒரு ஆட்டமாக முடிந்திருக்கிறதா? கிழமை முடிவதற்குள் சிசிலிப் பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள். கிளிக்கு ‘பப்பகாலோ’ என்று பெயர் வைத்தார்கள். மீன்கடைக்காரரின் மகள் என் வகுப்பு. ஒரே நாளில் சட்டமெல்லாம் மனப்பாடமாக்கி, எங்களுக்கே பிழை பிடிக்கத் தொடங்கினாள். ஈர்க்குக்குச்சி என்று எல்லோரும் இரங்குகிற என் உடம்புக்கு அங்கே தனி மதிப்பு. கையிடுக்கால் புகுந்து போய்விடுவேன். தோற்ற கட்சி, தட்டு ஒடுக்கம், தார் வழுக்குது என்று சாட்டுச் சொல்லும். ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல் என்று சின்னம்மா அவர்களைக் கிண்டுவார்.

அம்மா மட்டும் சேரவில்லை. “வேலியாலை போன ஓணானைப் பிடிச்சுக் காதுக்கை விடாதை” என்று சின்னம்மாவை ஏசினார்.

“விளையாடினதுக்கு ஆரும் பிடிப்பாங்களே அக்கா?” என்று சின்னம்மா கேட்டார்.

திறப்புச் சனிக்கிழமை வந்தது. பின்னேரம் அர்கித்தெத்தோ வந்தார், கூடவே வெள்ளைத் தொப்பியோடு ஒரு விஜிலே, அதாவது நகரசபைப் பொலிஸ்காரர். ஒழுங்கையில் சந்தைக்காரர்களின் வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் மீன்கடைக்காரரின் லாப்பா, மூன்று சில்லு வண்டி. அவரைக் குற்றம் சொல்லவும் ஏலாது. மீன்பெட்டிகளைத் தலையில் வைத்து எவ்வளவோ தூரம் சுமக்கிற மனிதர். கடைசித் தட்டில் அவருக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு அந்த இடம் கிடைத்தால் எனக்கு மிஞ்சுவது வீட்டு அறைதான். இரண்டிலொன்று.

வெளியில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சின்னம்மா முதல் கோட்டில். அன்றைக்குப் பார்த்து என்னைக் கிளியாக விட்டிருந்தார். இடத்தைக் காலியாக்கும்படி அர்கித்தெத்தோ மரியாதையாகக் கேட்டார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை, ஒருவரும் விலகவும் இல்லை. “ஒரு ஆட்டம், சிஞோரா, ஒரு ஆட்டம்” என்று எல்லோரும் சிரித்தபடி கையை விரித்துக்கொண்டு அவரவர் கோட்டில் நின்றார்கள். மீன்கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. லாப்பாவை மெல்ல உள்ளே விட்டார்.

சின்னம்மா அசைவாரா! லாப்பா இடப்பக்கம் திரும்பியது, சின்னம்மா இடப்பக்கம். வலப்பக்கம் திரும்பியது, சின்னம்மா வலப்பக்கம். கோட்டை விட்டு ஒரு கால் வெளியே வைக்கவில்லை, சட்டமென்றால் சட்டம். பால்கனிகளெல்லாம் நிறைந்துவிட்டன. உடுப்புக் காயப்போட்ட கிழவிகள் “பிராவா! பிராவா!” என்று கத்தினார்கள். எங்கள் பால்கனியிலிருந்து அம்மாவின் குரல் எல்லாவற்றையும் மீறி வந்தது: “எடி! மேலை வாடி! உனக்கென்ன விசரே? மாதாவே, இவளைக் கூப்பிடுங்கோவன் ஆராவது!” லாப்பா இடித்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார் என நினைத்தேன். மாட்டுவண்டி வேகத்தில் வருகிற லாப்பாவுக்கு இப்படிப் பயமா என்று எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

மீன்கடைக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. வலப்பக்கம் போகிறமாதிரிப் போய், வெடுக்கென்று இடப்பக்கம் வெட்டி, சின்னம்மாவைத் தாண்டிவிட்டார். சனம் “ஐயோ!” என்றது, இரண்டு மொழியிலும். அறைக் கட்டில் கண்முன் வந்து நின்றது. நடுக்கோட்டில் பறந்து போனேன். கையை ஓங்கி, லாப்பாவின் தகர முதுகில் அறைந்தேன். டமார்!

கூட்டம் என் பக்கம் திரும்பியது.

“பப்பா!” என்று கத்தியது அவருடைய மகள், எங்கள் கட்சியில் மூன்றாம் கோட்டில் நின்றவள். “பப்பகாலோ அடிச்சிட்டுது! நீ அவுட்!”

மீன்கடைக்காரர் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பால்கனிகளைப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தினார். இறங்கி, இரண்டு கையையும் மேலே தூக்கி, தோற்ற ஆட்டக்காரனைப்போலத் தலைகுனிந்து வெளியே நடந்தார். கபோ முழுவதும் அதிர்ந்தது. நான் துள்ளினேன், தம்பி துள்ளினான், மன்னார் அன்ரிமார் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். உலகத்தில் அப்படி ஒரு வெற்றி வேறு எவருக்கும் கிடைத்திருக்காது என்று நம்பினேன். சத்தியமாக இப்போதும் நம்புகிறேன்.

அந்த ஆரவாரத்துக்குள்தான் விஜிலே உள்ளே வந்தார். நேரே சின்னம்மாவிடம் போய், குனிந்து என்னவோ சொன்னார். சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. சின்னம்மா அவரை ஒரு கணம் அண்ணாந்து பார்த்தார். பிறகு அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, முதல் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு கையையும் விரித்துவிட்டு, தமிழில் சொன்னார்: “இஞ்சை நில்லுங்கோ. மறியுங்கோ.” கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. விஜிலே அப்படியே நின்றார். தொப்பியோடு, கையை விரித்தபடி, ஆட்டம் முடியும்வரை. அர்கித்தெத்தோ சுவரோரம் குந்திவிட்டார். சிரிப்பில் அவருக்குக் கண்ணீர் வந்தது.

அன்றைக்கு மீன்கடைக்காரர் ஒரு பெட்டி மத்தி கொடுத்தனுப்பினார். மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்ததில் தெருவே இருமியது. அதற்கு முதல் ஒன்று நடந்தது. சின்னம்மா மேலே வந்ததும் அம்மா அவர் கன்னத்தில் பளார் என்று ஒன்று விட்டார். உடனே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். “நாங்கள் வெண்டிட்டமெல்லோ அம்மா! ஏன் அடிச்சனீங்கள்?” என்று கேட்டேன். அம்மா சின்னம்மாவை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அர்கித்தெத்தோ அடுத்த கிழமை புதிதாகத் திட்டம் கீறத் தாளோடு வந்தார். ஒரு தட்டு எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்று என்னிடம் கேட்டார். நான் எட்டு வைத்து அளந்து காட்டினேன், அவர் எழுதிக்கொண்டார். ஒழுங்கை வாசலில் சந்தை வண்டிகள் காலையில் பெட்டி இறக்க ஓரிடம் விட்டார்கள். மீன்கடைக்காரருக்கும் சுமை குறைந்தது. கோடையில் நீல போர்டைப் பிடுங்கினார்கள். ஓரத்தில் உட்கார வாங்குகள் வந்தன, மூன்று தோடம்பழ மரங்கள் வந்தன. கோடுகளை என் அளவுக்கே புதுப் பெயிண்டில் கீறினார்கள். ஒரு நகரம் நான் சொன்னபடி கேட்டது! அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எவரும் அப்படிக் கேட்டதில்லை.

விஜிலேயைச் சின்னம்மா கோட்டில் நிறுத்திய கதையைப் பள்ளியில் நூறுதரம் நடித்துக் காட்டியிருக்கிறேன். கையை விரித்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. வகுப்பே உருண்டு சிரிக்கும்.

சில வருடங்களுக்குப் பிறகுதான் சின்னம்மாவுக்கு பெர்மெஸ்ஸோ, நாட்டில் தங்குகிற அனுமதிப் பத்திரம், கிடைத்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கேக் வெட்டிய கையோடு, அவரே சொன்னார். அன்று விஜிலே குனிந்து கேட்டது ஒரே ஒரு சொல்: “தொகுமென்தி.” பத்திரங்கள். அவரிடம் அப்போது விசாவோ பாஸ்போர்ட்டோ ஒரு துண்டுத் தாளோ இருக்கவில்லை. பிடித்தால் ஏற்றி அனுப்பியிருப்பார்கள், யாழ்ப்பாணம் எரிந்துகொண்டிருந்த நேரத்தில். விஜிலேயின் மணிக்கட்டைப் பிடிக்கும்போது தன் கை நடுங்கிய நடுக்கம் அந்த மனிதருக்கு விளங்கியிருக்கும் என்றார். விளங்கியபடியால்தான் ஒன்றும் பேசாமல் நின்றிருப்பார் என்றார்.

நான் அவர்களுக்குப் பத்தடி தூரத்தில் நின்றேன். கைதட்டிக்கொண்டிருந்தேன்.