சிரித்த படம்

அட்டைப்பெட்டி கம்பெனியின் ஆபீசில் அவளுக்குக் கல்லுளிமங்கி என்று பட்டப்பெயர். அதை வாங்கிக்கொடுத்த புண்ணியவான் பெரிய முதலாளி. நடக்க முடியாத பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ஒரு தொண்டு நிறுவனம் இருந்தது. பிள்ளைகளை வீட்டிலிருந்து கூட்டிப் போகக் கம்பெனி வேனைத் தினமும் அனுப்புவார். அதைக் கவனிப்பது அவள் வேலை.

"வெளியில மூச்சு விட்டே, வேலை போயிடும்" என்று முதல் நாளே எரிந்து விழுந்தார். யாரையும் கேட்கமாட்டார், யாருக்கும் சொல்லவும் மாட்டார். சிடுமூஞ்சி மனிதர். ஆனால் வேன் ஒரு நாளும் நின்றதில்லை.

அவருக்குப் பின் மகன் வந்தார். தங்கமான பிள்ளை. டீ கப் என்ன நிறத்தில் வாங்குவது என்பதைக்கூட எல்லோரையும் கேட்டுத்தான் முடிவு செய்வார். உதவி யாருக்குப் போக வேண்டும் என்பதையும் இனி ஆண்டுதோறும் ஊழியர்களே ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும் என்றார். கேன்டீன் பலகையில் படம் ஒட்டி ஆதரவு கேட்கலாம்.

"பசங்க படம் இருக்கா மேடம்?" என்று அவளிடம் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல சார். பெரியவர் எடுக்க விடல."

"அப்ப எடுத்துட்டு வாங்க. தெரியாத இடத்துக்கு யாரு ஓட்டுப் போடுவாங்க?"

அதில் தப்புச் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

பயிற்சிக் கூடத்தில் கம்பியைப் பிடித்தபடி ஒரு சிறுமி நின்றாள். எல்லோருக்கும் அவள் வாயாடி.

"எதுக்குக்கா படம்?"

"உங்க வேன் நிக்காம ஓடணும்ல, அதுக்கு. எங்க, சிரி."

வாயாடி பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

பலகையில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில், மழையில் நனைந்த ஒரு நாய்க்குட்டியின் படம் இருந்தது. பார்த்தவர்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள். நாய்க் காப்பகம் ஜெயித்தது. சின்னவர் நன்றி சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள். கல்லுளிமங்கியும் தட்டிவிட்டு, பாத்ரூமுக்குப் போய் அழுதாள்.

வேன் நின்றது. அப்பாவுக்கு லீவு கிடைத்த நாட்களில் மட்டும் வாயாடி அவர் தோளில் ஏறி வந்தாள். கம்பியை விட்டுவிட்டு ஓரிரு அடி வைக்கத் தொடங்கியிருந்த பிள்ளை, மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த ஆண்டு ஓட்டு வந்தது. கல்லுளிமங்கி செல்போனோடு போய் நின்றாள். வாயாடி அவசரமாகத் தலைமுடியைக் கலைத்துக்கொண்டாள்.

"இருங்கக்கா. போன தடவை சிரிச்சுக் கெடுத்துட்டேன். இந்தத் தடவை அழுறேன்."