துவைக்காத சட்டை

என் ஓரகத்தி நபீஸாவைப் பற்றிக் கேட்டால் கொல்லங்கோட்டில் பாதிப் பேர் "அந்தப் பூனைக்காரியா?" என்பார்கள். மீதிப் பேருக்கு அவளைத் தெரியவே தெரியாது. பதினெட்டு வருஷம் ஒரே அடுப்பில் சேர்ந்து சமைத்த எனக்கே அவளைத் தெரிந்தது ஐம்பத்தைந்தாம் வருஷத்து மழைக்காலத்தில்தான். அதுவரை அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருந்தேன், வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன்.

அவள் புருஷன் பாவா ராவுத்தர், என் புருஷன் அலியாருக்கு அண்ணன். அங்காடியில் புகையிலைக் கடை வைத்திருந்தார். அந்த வருஷம் நோன்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கடையில் புகையிலைச் சிப்பம் இறக்கிக்கொண்டிருந்தவர் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதோடு சரி. வண்டிப்பெரியாரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நபீஸாக்கா அழவில்லை. மய்யித்தைத் தூக்கும்போதும் அழவில்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லையே, என்ன பொம்பளை இவள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

எங்களில் புருஷனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்து, நகையைக் கழற்றி வைத்து, அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். அவசரத்துக்கு அதில் இளக்கம் உண்டு என்று மார்க்கம் தெரிந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் மார்க்கத்தை நடத்தியது புருஷன்மார்களின் அக்கா பாத்துமுத்து மதினி. அவரிடம் இளக்கம் கிடையாது. சமையலறைக்கு அடுத்த இருட்டறையில் நபீஸாக்காவை உட்காரவைத்து, வாசலில் பச்சைத் திரை ஒன்றைக் கட்டிவிட்டார். கிணற்றைப் பார்த்த ஒரு சின்னச் சன்னல் உண்டு. பெருநாளும் அதற்குள்தான் போயிற்று. பிரியாணியை நான்தான் திரைக்கு அடியில் தள்ளினேன்.

அந்த அறைக்குள் தாராளமாகப் போய்வந்த ஒரே ஆண்பிள்ளை செம்பன். பாவா மச்சானின் பூனை. பதினான்கு வயசு. பல் பாதி போய், மேலெல்லாம் மயிர் உதிர்ந்து, பார்க்கவே சகிக்காது. மச்சான் இருந்தவரை, பொழுது சாய்ந்து மக்ரிபு பாங்கு சொல்லும் நேரத்துக்கு வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் தெருமுனையில் திரும்பியதும் ஓடிப்போய்க் காலைச் சுற்றும். அவர் செத்த பிறகும் அது வாசலுக்குப் போவதை நிறுத்தவில்லை. இருட்டும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு தடவை கத்தும். பிறகு எழுந்து நபீஸாக்காவின் அறைக்குப் போய்விடும். அந்தக் கத்தல் எனக்குப் பொறுக்காது. எத்தனையோ நாள் விளக்குமாற்றை எடுத்துத் துரத்தியிருக்கிறேன். திரைக்குள்ளே தஸ்பீகு உருட்டிக்கொண்டிருக்கிறவள், அந்தக் கத்தல் வருகிறவரை மணியை நகர்த்தாமல் இருப்பாள். அதையும் நான் பார்த்திருக்கிறேன். பார்த்து என்ன, எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆடி மழையில் செம்பனுக்குத் தாடை வீங்கியது. முதலில் கொட்டைப்பாக்கு அளவு. ஒரு வாரத்தில் முகம் கோணி, ஒரு கண் மூடிவிட்டது. கருவாடு வேண்டாம் என்றது, பால் வேண்டாம் என்றது. நபீஸாக்கா கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து வாய் ஓரத்தில் பிழிந்துகொண்டே இருந்தாள். அதையும் மூன்று நாளாக விழுங்கவில்லை. அப்போதும் மக்ரிபு நேரத்தில் ஊர்ந்தாவது வாசலுக்குப் போய்க் கத்திவிட்டுத்தான் வரும்.

மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்தான். ஆனால் செம்பனுக்கும் மாட்டாஸ்பத்திரிக்கும் பழைய பகை. மூன்று வருஷத்துக்கு முன்னால் காலில் முள் ஏறியபோது மச்சான் அதைச் சாக்கில் போட்டுத் தூக்கிப் போனார். அங்கே அந்த நேரம் ஒரு காளையைக் கயிறு போட்டுச் சாய்த்து ஆறு பேர் அமுக்கிக்கொண்டிருந்தார்களாம். காளை போட்ட சத்தத்தில் இது சாக்கைக் கிழித்துக்கொண்டு பறந்து, குளக்கரைப் பனையில் ஏறி, மறுநாள்தான் இறங்கியது. அன்றிலிருந்து பினாயில் வாசம் வந்தாலே உத்தரத்தில் ஏறிவிடும். வீடு கழுவும்போதுகூடப் பினாயில் ஊற்றக் கூடாது என்று மச்சான் உத்தரவு போட்டிருந்தார்.

இப்போது பூனை சமையலறைக்கு வந்த நேரம் பார்த்து அலியார் சாக்கை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நிமிஷத்தில் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். நபீஸாக்கா தவிர வேறு கை பட்டால் அது உயிரை விட்டுவிடும் போல அலறியது. அவளோ வெளியே வர முடியாது. இத்தா முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்று நானே அலியாரிடம் சொன்னேன். பூனைக்கு வைத்தியம் பார்க்க இத்தாவில் இருக்கிறவளை வெளியே விடலாமா என்று கேட்டால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும் என்று அவர் துண்டை உதறிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

கடைசியில் டாக்டரே வீட்டுக்கு வந்தார். ஆசீர்வாதம் டாக்டர் மச்சானின் கடையில் நாள் தவறாமல் புகையிலை வாங்கினவர். அந்தப் பழக்கத்துக்காக மாட்டையெல்லாம் விட்டுவிட்டு வந்தார். பாத்துமுத்து மதினி ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். டாக்டர் திரைக்கு வெளியே கூடத்தில் உட்கார வேண்டும். நபீஸாக்கா உள்ளே இருந்தபடி பூனையைத் திரைக்கு அடியில் நீட்ட வேண்டும், கையிலும் வெள்ளைத்துணி சுற்றியிருக்க வேண்டும். அவள் குரலும் டாக்டர் காதில் விழக் கூடாது. வீக்கம் கல் மாதிரியா, பழம் மாதிரியா என்று அவர் கேட்பார். நான் உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்வேன். வாய் நாறுதா என்பார். மறுபடி போவேன். இப்படித் தபால்காரி வேலை பார்த்ததில் எனக்குக் கால் கடுத்துப்போயிற்று.

"சீ பிடிச்சிருக்குதுங்க. கீறி விட்டாப் போதும், பொழைச்சுக்கும். இப்பிடியே விட்டா ரெண்டு நாள்ல உள்ளாற ஒடஞ்சு ரத்தத்துல கலந்துரும்," என்றார் டாக்டர்.

ஆனால் அவர் மேலிருந்து வந்த பினாயில் வாசத்துக்குச் செம்பன் திரைக்கு அடியில் மூக்கை நீட்டக்கூட இல்லை. அவளுடைய வெள்ளைச் சேலையைக் கிழித்துக்கொண்டு உத்தரத்தில் ஏறிவிட்டது. கீழே இறக்க அவளுக்குச் சாயங்காலம் ஆயிற்று.

மறுநாள் காலையில் டாக்டர் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, காக்கிக் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தார். நான் என் மூளையைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு, கடையிலிருந்து புகையிலை வரவழைத்து அவர் கையிலும் வேட்டியிலும் கசக்கிப் பூசச் சொன்னேன். செம்பன் திரைக்கு இந்தப் பக்கம் தலையை நீட்டியது. ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு அவர் புறங்கையில் மூன்று கோடு போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டது. புகையிலை எது, புகையிலைக்காரர் எது என்று அதற்குத் தெரியாதா?

கத்தியைக் கொடுங்கள், நானே கீறுகிறேன் என்று நபீஸாக்கா சொல்லியனுப்பினாள். பக்கத்திலேயே நரம்பு ஓடுகிறது, பழகாத கை பட்டால் அங்கேயே முடிந்துவிடும் என்று டாக்டர் மறுத்துவிட்டார். சாயங்காலம் இன்னொரு தடவை வந்து பார்க்கிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் உள்ளே போனேன். பூனையை மடியில் போட்டுக்கொண்டு சன்னலைப் பார்த்தபடி இருந்தாள். மழை கிணற்றடியில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆறடிக்கு ஆறடி இடம். அதில் நான்கு மாதமாக ஒரு பொம்பளை, சாகக் கிடக்கிற ஒரு பூனை. எனக்கே மூச்சு முட்டியது. அதைக் காட்டிக்கொள்ளாமல், வயசான பூனைதானே, விட்டுத்தள்ளுங்க அக்கா என்றேன்.

அவள் தலையணையைத் தூக்கி, உறைக்குள் கையை விட்டு, சுருட்டி வைத்திருந்த ஒரு சட்டையை எடுத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மச்சானின் துணிமணியையெல்லாம் நாற்பதாம் நாள் ஓதி முடித்ததும் பாத்துமுத்து மதினி ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். ஒன்றையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் சட்டம். இது மச்சான் கடைசி நாளுக்கு முந்தின நாள் போட்டிருந்த சட்டை. காலரில் அழுக்குக் கோடு அப்படியே இருந்தது. அந்த அறையில் எப்போதும் லேசாகப் புகையிலையும் வேர்வையும் கலந்து ஒரு வாசம் அடிக்கும். செம்பன்மேல் அடிக்கிற வாசம் என்று நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வைதிருக்கிறேன்.

"டாக்டரு இதைப் போட்டுக்கிட்டு உக்காரட்டும், கௌலத்து," என்றாள்.

மதினிக்குத் தெரிந்தால் என்ன ஆவது என்று கேட்டேன். தெரிந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சட்டையை என்னிடம் நீட்டினவள் மறுபடி இழுத்துக்கொண்டாள். முகத்தை அதில் புதைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் மதினி அசர் தொழுகையில் நின்ற நேரம் பார்த்து டாக்டரைக் கூப்பிட்டேன். ஒல்லி மனிதர். மச்சானின் சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் பாயில் உட்கார்ந்தபோது, பின்பக்கம் பார்த்த எனக்கு மச்சானே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

செம்பன் திரைக்கு அடியில் தலையை நீட்டியது. மூக்கு அசைந்தது. எழுந்து நிற்கவே தெம்பில்லாத பூனை, தள்ளாடித் தள்ளாடி வந்து அவர் மடியில் ஏறியது. வீங்கின தாடையை அந்தச் சட்டையில் வைத்து முட்டியது. குர்ர்ர் என்று சத்தம் போட்டது. மச்சான் போன பிறகு அந்தச் சத்தத்தை இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் அவள் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது.

டாக்டர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். நான் ஜாடை காட்டினேன். அவர் இடதுகையால் அதன் தலையைத் தடவி, வலதுகையால் ஒரே கீறு கீறினார். செம்பன் போட்ட சத்தத்தில் மதினி தொழுகையை விட்டு ஓடிவந்துவிட்டார். சீயும் ரத்தமும் சட்டையெல்லாம் தெறித்தது. பூனை திரைக்குள் பாய்ந்துவிட்டது. டாக்டர் மருந்துத் தண்ணீரில் கையைக் கழுவி, சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். இனிப் பிழைத்துக்கொள்ளும் என்றார், ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மதினி என்னைப் பிடித்துக்கொண்டார். சட்டை எங்கிருந்து வந்தது, யார் ஒளித்து வைத்தது என்று கேட்டதற்கு நான்தான் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாங்கிக் கட்டிக்கொண்டு, சட்டையை உள்ளே கொண்டுபோனேன். நபீஸாக்கா காலரை மோந்து பார்த்தாள். கக்கத்தை மோந்தாள், பையை மோந்தாள். எல்லாம் மருந்தும் சீயும்தான்.

"துவைச்சுரு," என்று என் கையில் திருப்பித் தந்துவிட்டாள்.

செம்பன் பிழைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் கஞ்சி குடித்தது, ஐந்தாம் நாள் என் கருவாட்டைத் திருடியது. நான் விளக்குமாற்றோடு துரத்தினேன், உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

இத்தா முடிவதற்கு முந்தின நாள் சாயங்காலம். மக்ரிபு பாங்கு சொல்லி முடிந்தது. திரைக்குள்ளே இருந்து நபீஸாக்கா கூப்பிட்டாள்.

"கௌலத்து, செம்பன் வாசல்ல இருக்குதா பாரு."

நான் எட்டிப் பார்த்தேன். வாசல் காலியாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. கீறின நாளிலிருந்து அந்தக் கத்தலை நான் கேட்கவே இல்லை. திரையை விலக்கினேன். பூனை அவள் பக்கத்தில் படுத்திருந்தது, முதுகை வாசல் பக்கம் காட்டிக்கொண்டு.

"இங்கதானுங்க அக்கா இருக்குது," என்றேன்.

"தெரியும். தெனமும் பாக்குறேன், போறதே இல்லை." தஸ்பீகு அவள் கையில் அசையாமல் இருந்தது. "அவரு வந்துட்டாருன்னு நெனச்சுத்தான் மடியில ஏறுச்சு. அவரே கத்தியில கீறிட்டாருன்னு இருக்கு அதுக்கு. இனி எதுக்குப் போயி உக்காரும்?"

நான் என்னென்னவோ சொன்னேன். உயிர் பிழைத்ததே பெரிசு, நாளைக்கு நீங்கள் வெளியே வந்துவிடலாம், எல்லாம் சரியாகிவிடும் என்றேன்.

"இந்த வீட்ல அவருக்காகக் காத்துட்டு இருந்தது நாங்க ரெண்டு பேருதான்," என்றாள். "இனி நான் மட்டுந்தான்."

அப்போதுதான் அழுதாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக, பூனையின் முதுகில் கையை வைத்தபடி, சத்தம் வெளியே போகாமல் அழுதாள். நான் உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.