ஆறாவது மாடிக்கு வந்த உதவி

உங்கள் முன் எழுத எனக்குத் தகுதி இல்லை. மன்னிக்க வேண்டும். நான் படித்தது பர்மியப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரைதான். தமிழ் எழுத்து கோயிலில் கற்றது. வியாழக்கிழமை நடக்கும் ஐயாவின் புத்தக வாசிப்பில்கூட நான் பின்வரிசையில்தான் உட்காருவேன். ஆனாலும் ஐயா செய்த உதவியைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

சென்ற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவின்போது என் கணவர் சாகக் கிடந்தார்.

ஐயாவின் வாழ்க்கை உங்களுக்குத் தெரியும். ரயில் நிலையத்தில் சமையல் வேலை பார்த்தவர். கடை அடைத்த பிறகு பசியோடு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தத் துக்கத்தில் எழுத ஆரம்பித்தவர். அவர் ரங்கூனுக்கு வந்ததே இல்லை. அவர் புத்தகங்கள்தான் வந்தன. ‘வாசிக்கும் முன் ஒருவர் பசியை ஆற்று’ என்று அவர் எழுதியதை நான் பிடித்துக்கொண்டேன்.

ரங்கூன் பபேடான் பகுதியில் எங்கள் வீடு ஆறாவது மாடி. படி செங்குத்து, எனக்கு முழங்கால் வலி. மற்ற வீடுகளைப் போல எங்கள் பால்கனியிலிருந்தும் தெரு வரை ஒரு கயிறு தொங்கும். கீழே கிளிப், மேலே மணி; தெருவிலிருந்து இழுத்தால் மணி அடிக்கும். வியாழன் தோறும் அதில் ஒரு சோற்றுப் பொட்டலம் இறக்குவேன். சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் கோ துன் எடுத்துக்கொள்வார்.

“ஒங்க ஐயா தெருவுல போறவனுக்கெல்லாம் போடச் சொன்னாரு, நீ ஆறாம் மாடியில இருந்து தூண்டில் போடுற,” என்று என் கணவர் கேலி செய்வார்.

அந்த வியாழன் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்தார். வேர்வை கொட்டியது. பேச்சு வரவில்லை. காலையிலிருந்து கரண்ட் இல்லாததால் போன் செத்திருந்தது. எதிர் வீட்டார் ஊருக்குப் போயிருந்தார்கள். பால்கனிக்கு ஓடிக் கத்தினேன். தெருவெல்லாம் தண்ணீரும் பாட்டும். என் குரல் எப்போதுமே சின்னக் குரல். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரும்பி வந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் என் கையை விடவில்லை. விட்டுவிட்டுக் கீழே போக எனக்குத் தைரியம் இல்லை. மந்திரம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. “ஐயா, யாரையாவது அனுப்புங்க,” என்று மட்டும் அழுதேன்.

மணி அடித்தது.

அவர் கையை மெல்ல விலக்கிவிட்டு ஓடிப் பார்த்தேன். தொப்பலாக நனைந்த கோ துன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஆன்ட்டி! இன்னைக்கு ஒங்க சாமி பட்டினியா, நான் பட்டினியா?” என்று பர்மியில் கத்தினார்.

நான் இரண்டு கைகளாலும் நெஞ்சில் அடித்துக் காட்டினேன். அவர் சிரிப்பு நின்றது. படிக்கட்டின் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. சாவியைக் கயிற்றில் மாட்டி இறக்கினேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆட்களில் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு அவர் மேலே வந்தார். என் கணவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள்.

“பாத்து, பாத்து! மாமா தலை இடிக்குது!”

“நீ மொதல்ல ஒன் காலைப் பாருடா!”

சைக்காவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் எங்கள்மேல் தண்ணீர் ஊற்ற வந்தவர்களைக் கோ துன் திட்டிக்கொண்டே மிதித்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்.

நான் போட்ட சோற்றுக்குக் கூலி கிடைத்தது என்று நினைக்கவில்லை. எத்தனையோ பேர் என்னைவிட அதிகம் கொடுக்கிறார்கள். நான் கேட்டேன், ஐயா அனுப்பினார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இப்போது பொட்டலத்தை என் கணவர்தான் கட்டுகிறார். வாசிப்புக்கும் வருகிறார், கதவோரம் உட்காருகிறார்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, வார்த்தை வரவில்லையே என்று தயங்காதீர்கள். வந்த வார்த்தையில் கேளுங்கள். ஐயா கேட்பார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் என் கணவர் அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தார். பிறகு தூங்கினார்.