மதுவிலக்கும் மாட்டுங்கா மாமாக்களும் ஒரு சோடா கம்பெனியும்

நான் எழுதிய ஒரு வாக்கியத்தைக் கேட்டு, மாட்டுங்காவில் ஒரு ஹால் நிறைய உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "இந்தக் கம்பெனியின் விற்பனையில் பெரும்பகுதி மதுக்கடைகளுக்கே போகிறது." அவ்வளவுதான் வாக்கியம்.

நாற்பதுகளின் கடைசி. நான் ஃபோர்ட் வட்டாரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சீனியர் கிளார்க். செம்பூரில் சோடாவும் கலரும் தயாரித்த கம்பெனி ஒன்று புது மெஷின் வாங்க ஷேர் விற்கக் கிளம்பியது. வாங்க ஆசைப்பட்ட மாட்டுங்காவாசிகளுக்குத் தலைவர், ரயில்வேயில் ரிட்டயரான சேஷாத்ரி மாமா. மதுவிலக்குக்காக மேடை ஏறிப் பேசுகிறவர். "ஜனங்க குடியை விட்டா கலர்தானே குடிச்சாகணும்? தர்மமும் ஆச்சு, டிவிடெண்டும் ஆச்சு" என்பார். கம்பெனியின் நிதி நிலையைப் பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விற்பனை வருஷா வருஷம் ஏறியிருந்தது. கடன் குறைவு. ஆனால் வாங்குகிறவன் யார் என்று பாலன்ஸ் ஷீட் சொல்லாது. ஆகவே ஒரு நாள் டெலிவரி லாரியில் ஏறிக்கொண்டேன். டிரைவர் சுடலைமுத்து, தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர். ஈரானி ஹோட்டலில் ஒரே ஒரு பெட்டி இறங்கியது. அடுத்தடுத்த மதுக்கடைகளில் லாரியே காலியாகிவிட்டது, ஆரஞ்சு கலரைத் தவிர.

"இதை இறக்கலையா?" என்றேன்.

"அத யாரு சார் குடிக்கா? எல்லாவனுக்கும் பிராந்தியில ஊத்த சோடாதான் வேணும். கடையெல்லாம் பந்த் ஆச்சுன்னா நம்ம பொழப்பும் பந்த்தான்."

அதைத்தான் எழுதினேன். மாமா வீட்டு ஹாலில் வாசித்தேன்.

"சிவ சிவா! குடிகாரன் காசுல எங்களுக்கு டிவிடெண்டா? அந்த வரியை எடுத்துடுங்கோ. அப்புறம் நாங்க யோசிக்கறோம்" என்றார் மாமா.

கம்பெனியை வேண்டாம் என்று சொல்லவில்லை. வரியைத்தான் வேண்டாம் என்றார். கிளையண்டுகளை இழக்க எங்கள் ஆடிட்டருக்கு மனமில்லை. "அடிச்சுடேன்ப்பா" என்றார் மெதுவாக.

"அடிக்கணும்னா வேற கிளார்க்கைப் பார்த்துக்கோங்கோ சார்."

வீட்டில் சம்பாதிக்கிறவன் நான் ஒருவன்தான். அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். வரி அப்படியே இருந்தது. மாமாக்கள் தர்மத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்கினார்கள். அந்த வருஷம் எனக்கு மட்டும் இன்க்ரிமென்ட் வரவில்லை.

மதுவிலக்குக் கெடுபிடி இறுகி மதுக்கடைகள் ஒவ்வொன்றாக மூடின. கம்பெனி மூடவில்லை. சந்துகளில் கள்ளத்தனமாகக் காய்ச்சிய சரக்கு, சோடா கலக்காமல் தொண்டையில் இறங்காதாம். விற்பனை இன்னும் ஏறியது.

பிறகு ஆபீஸ் வேலையாக அந்தக் கம்பெனியின் பொதுக்கூட்டத்துக்குப் போனேன். முன்வரிசை முழுக்கப் பட்டுப் புடவை. மாட்டுங்கா மாமிகள்! ஷேரெல்லாம் அவர்கள் பெயரில். மாமாக்கள் பின்வரிசையில், துணைக்கு வந்தவர்கள்போல. சேஷாத்ரி மாமி எழுந்து, கணவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "விற்பனை இவ்வளவு ஏறியும் டிவிடெண்ட் ஏன் கம்மி?" என்று சேர்மனைக் கேட்டாள். நல்ல கேள்வி.

மாமா என்னைப் பார்த்துவிட்டார். "அவ இஷ்டம்ப்பா. பொம்மனாட்டி சொத்துல நான் தலையிடறதில்லே."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கம்பெனியின் சரக்கு எங்கே போகிறது என்று நேரில் பார்த்து எழுதுங்கள். எழுதியதை அடிக்காதீர்கள். அதைப் படித்து யாராவது வெட்கப்படுவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.