ஏடோ நீந்தாத செவ்வாய்க்கிழமை

அம்மாவின் பழைய நைலெக்ஸ் சேலைகளைச் சேஃப்டி பின்களால் ஒன்றோடொன்று கோத்து, லண்டனில், வால்தம்ஸ்டோவில் நான் வேலை செய்த நீச்சல் குளத்தின் கண்ணாடிச் சுவருக்குத் திரையாகக் கட்டினேன். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு அது. அந்தச் சுவருக்கு அப்பால் வாசல் மண்டபம். கோப்பி குடிக்க வருபவர்கள் அங்கே இருந்துகொண்டு நீந்துபவர்களைப் பார்க்கலாம். கட்டியவர்களுக்கு அது அழகாகத் தெரிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் சோமாலியப் பெண்கள் தண்ணீரில் இறங்க வேண்டுமென்றால் அந்தச் சுவரை மூடியே ஆக வேண்டும். திரைச்சீலை வாங்கித் தாருங்கள் என்று மனேஜரிடம் கேட்டேன், கெஞ்சினேன், சண்டையும் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அம்மாவிடம் போய் நின்றேன். "கட்டிக் கிழிஞ்ச சீலை, கொண்டு போ. ஆனா ஆருக்கும் என்ர சீலை எண்டு சொல்லாத" என்றார். மஞ்சளும் ஊதாவும் பச்சையுமாகச் சேலைகள் தொங்கிய முதல் நாள், அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு குளம் முழுக்க எதிரொலித்தது.

அந்தக் கோடைக்கு ஆபிரிக்கக் குடும்பங்களுக்கென்று கவுன்சில் பெரிய ஏற்பாடுகள் செய்திருந்தது. பூங்காவில் ஒரு திருவிழா, பிள்ளைகளுக்கு முகத்தில் வர்ணம் பூசுதல், காற்றடைத்த கோட்டை, மேளம் அடிக்கப் பழக்கும் வகுப்பு. மேளம் பழக்க வந்தவர் எங்கோ வெளியூரில் பிறந்த ஒரு வெள்ளைக்காரர். மேளம் வேண்டுமென்று அந்தப் பெண்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஆபிரிக்கர் என்றால் மேளம் அடிப்பார்கள் என்று யாரோ ஒரு மேசைக்கு முன்னால் இருந்து முடிவெடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆண்கள் இல்லாத ஒரு மணி நேரம், நீச்சல் பழகத் தண்ணீர். அதைத்தான் பலமுறை யோசித்து, பரீட்சார்த்தமாக என்று சொல்லி, வேண்டா வெறுப்பாகக் கொடுத்தார்கள்.

எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் நான் பெண், லைஃப்கார்ட், நீச்சலும் பழக்குவேன் என்பதுதான். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை லைஃப்கார்டா என்று எங்கள் ஆட்களே வியப்பார்கள். நான் ஹொலண்டில் வளர்ந்தவள். அங்கே நடக்கப் பழகுவதுபோல எல்லாப் பிள்ளைகளும் நீந்தப் பழக வேண்டும். பிறகு அப்பா எங்களை லண்டனுக்குக் கூட்டி வந்துவிட்டார். அந்தப் பெண்களின் தலைவியும் எங்களைப் போலவே ஹொலண்டில் சில காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். முதல் நாளே எனது ஆங்கிலத்தில் இருந்த டச்சு வாடையைப் பிடித்துவிட்டு டச்சில் பேசத் தொடங்கினார். எல்லோரும் அவரை 'ஏடோ' என்றார்கள். சோமாலியில் அப்பாவின் சகோதரியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எங்கள் மாமி மாதிரி. நானும் ஏடோ என்றே கூப்பிட்டேன். அவர் பேசியது டச்சு என்றாலும், எனது நினைவில் அவர் எப்போதும் எங்கள் வீட்டுத் தமிழில்தான் பேசுகிறார்.

அந்த வருடம் எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்று லண்டன் தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் அம்மா அழுதுகொண்டிருப்பார், அல்லது பாராளுமன்றத்துக்கு முன்னால் கொடியோடு நிற்பார். வன்னியில் இருந்த சித்தியைப் பற்றித் தகவல் இல்லை. மே மாதம் எல்லாம் முடிந்துபோன பிறகு நான் சில நாள் வேலைக்குப் போகவில்லை. திரும்பிப் போனபோது கூட வேலை செய்தவர்கள் தடிமன், காய்ச்சல் சுகமா என்று கேட்டார்கள். ஏடோ அப்படிக் கேட்கவில்லை. தண்ணீருக்குள் நின்றபடியே எனது மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு, "அங்க இன்னும் ஆர் இருக்கினம்?" என்றார். சித்தி என்றேன். தலையை ஆட்டினார்.

அவரது கதையையும் அன்றுதான் சொன்னார். அவர் பிறந்தது ஒரு துறைமுகப் பட்டினம். வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும். ஆனால் பொம்பிளைப் பிள்ளைகள் முழங்காலுக்கு மேலே நனைய விடமாட்டார்கள். சண்டை வந்தபோது கென்யாவுக்கு வள்ளத்தில் போனார்கள். கரை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வள்ளம் புரண்டது. ஏடோவை யாரோ தலைமயிரில் பிடித்து வள்ளத்தின் பலகைக்கு இழுத்தார்கள். தங்கையை இழுக்க ஒருவரும் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. குளத்தின் எதிர்ச் சுவரைக் கையால் காட்டினார்.

"இவ்வளவு தூரம்தான் பிள்ளை. இந்தக் கரையில நான், அந்தக் கரையில அவள். எனக்கு நீந்தத் தெரிஞ்சிருந்தா எட்டிப் பிடிச்சிருப்பன்."

நோன்பு தொடங்குவதற்கு முன்னால் அந்தத் தூரத்தை ஒருமுறை, ஒரேயொருமுறை, ஒன்றையும் பிடிக்காமல் கடந்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. அந்த வருடம் நோன்பு கோடையின் கடைசியில் வந்தது. முழங்கால் மூட்டு வேறு தேய்ந்துபோய்விட்டது. தரையில் நொண்டுவார். தண்ணீரில் மட்டும்தான் நோவில்லாமல் நடந்தார். கையும் காலும் மூடிய நீளச் சட்டையோடு இறங்குவார். துணி நனைந்து பாரமாகித் தொங்கும். காதுக்குள் தண்ணீர் போனதும் உடம்பு மரக்கட்டையாகிவிடும். அந்தச் சத்தம் அவருக்கு எதை நினைவூட்டியது என்று நான் கேட்கவில்லை. முதுகுக்குக் கீழே எனது கையை வைத்து மல்லாக்கக் கிடத்துவேன். வாரக்கணக்காக அப்படியே போனது. ஒரு செவ்வாய்க்கிழமை கையை மெதுவாக எடுத்தேன். அவருக்குத் தெரியாது. கூரையைப் பார்த்தபடி எதையோ ஓதிக்கொண்டே மிதந்தார். தெரிந்ததும் பதறித் தண்ணீர் குடித்து எழும்பி, என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குழந்தைபோலச் சிரித்தார். பிறகு சுவரை விட்டுவிட்டுக் கால்வாசித் தூரம் போனார். அடுத்த வாரம் பாதித் தூரம். "வாற செவ்வாய் அந்தக் கரைக்குப் போறன். நீ அங்க போய் நில்" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத்தான் கவுன்சிலின் சமூகத் தொடர்பு அதிகாரி வந்து பார்க்கப் போகிறார் என்று மனேஜர் சொன்னார். பெண் அதிகாரிதான், பயமில்லை. பரீட்சார்த்தமாகக் கொடுத்த நேரத்தை நிரந்தரமாக்குவதா என்று அவர்தான் முடிவு செய்வாராம். நான் இதை ஏடோவிடம் தொலைபேசியில் சொன்னேன். "நல்ல விஷயம். நாங்கள் பாத்துக்கொள்ளுறம்" என்றார். ஆட்களைக் கூட்டி வருவார் என்று நம்பினேன். கூட்டித்தான் வந்தார். வழமைக்கு வராதவர்கள்கூட வந்தார்கள். ஆனால் ஒருவர் கையிலும் நீச்சல் பை இல்லை. பெருநாளுக்கு உடுப்பதுபோல மெல்லிய நீள அங்கிகள், தங்க நிறக் கரை போட்ட சால்வைகள். உடுப்புக்குச் சாம்பிராணி காட்டிய வாசம் வாசலிலேயே அடித்தது. தட்டுத் தட்டாகச் சம்பூசா என்கிற அவர்களுடைய சமோசா, எங்கள் பற்றிஸுக்கு அது தூரத்துச் சொந்தம். ஏலக்காய் போட்ட தேநீர் பெரிய பிளாஸ்க்குகளில். மண்டபத்து மேசைகளைச் சேர்த்துப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த விரிப்பை விரித்தார்கள். சேலைத் திரைக்குப் பின்னால் குளம் தகடுபோல அசையாமல் கிடந்தது.

"ஏடோ, தண்ணிக்குள்ள இறங்குங்கோ. அவ அதைத்தான் பாக்க வாறா" என்று கெஞ்சினேன்.

அவருக்கு நான் சொன்னது மரியாதைக் கேடாகப் பட்டது. "எங்களைப் பாக்க ஒரு ஆள் வாறா. நாங்கள் நனைஞ்ச பூனை மாதிரி நிண்டு, தண்ணிக்குள்ள இருந்து தலையைக் காட்டுறதோ? உன்ர அம்மா அப்பிடிச் செய்வாவோ? அவ வரட்டும், இருக்கட்டும், தேத்தண்ணி குடிக்கட்டும். நீச்சல் எங்க ஓடப்போகுது?"

அம்மாவும் அப்படித்தான் செய்வார். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். கோயிலுக்கு ஒரு கவுன்சிலர் வந்துவிட்டால், சாமியைக் காக்க வைத்துவிட்டு அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு யாராவது பார்க்க வந்தால் அன்றைக்குப் படிப்பு இல்லை. எல்லாப் பிள்ளைகளும் நடனம் ஆடும். வந்தவர் படிப்பைப் பார்க்க வந்தார் என்பது ஒருவருக்கும் உறைக்காது. வீட்டுக்கு ஆள் வந்தால் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு எழும்ப வேண்டும் என்று எங்களுக்கு ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். சோமாலியர்களுக்கும் அதே ஊட்டல்தான்.

அதிகாரி வந்தார். கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். சொல்ல முடிந்தால் மனம் ஆறியிருக்கும். எல்லோரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். ஏடோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நொண்டிக்கொண்டு போய் இரண்டு கையாலும் வரவேற்றார். அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பூசாவை ஆசையாகச் சாப்பிட்டார், செய்முறை கேட்டார், படம் எடுத்தார். நான் அவரை அழைத்துப்போய், இந்தப் பெண்கள் வாரம் தவறாமல் நீந்துகிறார்கள், இன்றைக்கு உங்களுக்காகத்தான் இறங்கவில்லை என்றேன். அவர் எனது தோளைத் தட்டினார். சேலைத் திரையை விலக்கிக் குளத்தை எட்டிப் பார்த்தார். வெறும் தண்ணீர். "எவ்வளவு அமைதியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் மேசைப் பக்கம் போனார்.

சில நாள் கழித்து மனேஜர் என்னைக் கூப்பிட்டார். அதிகாரி மிகவும் மகிழ்ந்துபோனாராம். அந்தப் பெண்களுக்கு உண்மையில் தேவை நீச்சல் அல்ல, கூடிப் பேசிச் சிரிக்க ஓர் இடம் என்பதைத் தன் கண்ணாலேயே கண்டுகொண்டாராம். ஆகவே செவ்வாய் காலையில் மண்டபத்தில் அவர்களுக்குக் கோப்பிக் கூட்டம் நடக்கும். குளத்தை அந்த நேரத்தில் காசு கட்டி நீந்துகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம். நான் கத்தினேன். விருந்தோம்பல் என்றால் என்னவென்று ஆங்கிலத்தில் அந்த மனிதருக்கு விளக்கிப் பார்த்தேன். அதிகாரி பார்க்க வந்த அன்று தண்ணீரில் ஒருவரும் இல்லையே என்பதுதான் பதில். நல்ல செய்தியைச் சொல்லுவதுபோலத்தான் சொன்னார். அடித்துத் துரத்துகிறவனோடு சண்டை பிடிக்கலாம். உங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டு, உங்கள் அன்பைப் புகழ்ந்து, நீங்கள் கேட்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவரை என்ன செய்வது?

ஏடோவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த செவ்வாய் அவர் நீச்சல் பையோடு வந்து நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் திரை இல்லை. குளத்தில் ஆண்கள் மேலும் கீழுமாக நீந்திக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். நம்ப முடியாமல், "அவவுக்கு நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?" என்றார். ஒரு பிழையும் இல்லை, அவவுக்கு உங்களை நல்லாப் பிடிச்சுது என்றேன். "பிடிச்சா ஏன் பறிச்சவ?" என்றார். பிறகு அந்த மண்டபத்தில் கால் வைக்கவில்லை. வேறொரு இடத்தில் பெண்களுக்கான நேரம் இருக்கிறது, இரண்டு பஸ் மாறிப் போகலாம் என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். அந்த முழங்காலோடு அவரால் போக முடியவில்லை. நோன்பும் வந்துவிட்டது. கோப்பிக் கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று அதையும் அடுத்த வசந்தத்துக்குள் நிறுத்தினார்கள். ஆபிரிக்கப் பெண்களைக் கூட்டங்களுக்கு வரவைப்பது எவ்வளவு கடினம் என்று யாரோ சொன்னதாகவும் கேள்விப்பட்டேன்.

நான் பிறகு வேறு இடத்தில் வேலைக்குப் போய்விட்டேன். கலியாணம், பிள்ளைகள், தோர்ண்டன் ஹீத்தில் வீடு. சித்தி உயிரோடு வந்து சேர்ந்தார், அது எங்கள் அதிர்ஷ்டம். போன கோடையில் ஒரு வேலையாக வால்தம்ஸ்டோவுக்குப் போனபோது, சந்தைத் தெருவுக்குப் பக்கத்துப் பஸ் தரிப்பிடத்தில் ஏடோ உட்கார்ந்திருந்தார். நன்றாக வயதாகிவிட்டது. மடியில் ஊன்றுகோல். ஓடிப்போய் டச்சில் கூப்பிட்டேன். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கையைப் பிடித்தார், முத்தமிட்டார், ஆனால் இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. முன்பெல்லாம் நான் குளத்தடிக்கு வரும்போதுகூட எழுந்து நிற்பவர். மூட்டு நோவாக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் இருந்தேன். பேத்தி பள்ளிக்கூடத்தோடு போய் நீந்துகிறாளாம், மீன் மாதிரியாம். நீங்கள் பிறகு எங்கேயாவது இறங்கினீர்களா என்று கேட்டேன். இல்லையென்று கையை விரித்தார். கவுன்சிலிலிருந்து இப்போதும் ஒவ்வொரு கோடையும் விசாரிக்க ஆள் வருவார்களாம், ஆபிரிக்கப் பெண்களுக்கு என்ன தேவை என்று.

"வந்தா என்ன சொல்லுவீங்கள்?" என்றேன்.

"ஒண்டும் சொல்லுறேல்ல. கதவைத் திறக்கிறன். ஆனா ஆர் வந்தாலும் இப்ப நான் எழும்புறேல்ல பிள்ளை. நோவில்லாத நாளிலயும் எழும்புறேல்ல."

அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார். பஸ் வந்தது. அதற்கு மட்டும், ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.