குத்தாத சத்தம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் காரைக்குடி மாதா கோயில் பாடகர் குழுவில் கித்தார் வாசித்தேன். மதுரையில் பழசாக வாங்கிய வால்வு ஆம்பிளிஃபயர் ஒன்று வீட்டில் இருந்தது. சனியன் பிடித்த பெட்டி. கனத்த தந்திகளை அழகாகத்தான் பாடும். மெல்லிய தந்தியைத் தொட்டால் தகரத்தைக் கீறுவது போலக் கத்தும்.

என் மனைவிக்கு அப்போது காசநோய். தினமும் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ஊசி தொடங்கிய பிறகு அந்தக் கீச்சு அவளுக்குத் தாங்கவில்லை. "காதுக்குள்ள குத்துதுங்க" என்று அடுப்படியிலிருந்து கத்துவாள். கீச்சை விழுங்கட்டும் என்று பெட்டிக்குள் ஒரு கண்டன்சரைப் பற்றவைத்தேன். அவளுக்கு அது போதவில்லை. பெரியதாக ஒன்று மதுரையிலிருந்து வந்துசேரச் சில வாரங்களாயின. அதுவரை வீட்டில் நான் வாசிக்கவில்லை.

வந்ததும் பழையதைக் கழற்றினேன். புதியதை வைக்கும் முன், எதுவுமே இல்லாமல் எவ்வளவு கத்துகிறது என்று பார்க்க மெல்லிய தந்தியை மீட்டினேன். எனக்கே பல் கூசியது. தெருநாய் குரைத்தது.

அவள் சிரித்தபடி வந்தாள்.

"இப்பத்தாங்க நல்லா இருக்கு. குத்தவே இல்ல. எப்படிச் சரி பண்ணுனீக?"

இன்னும் உச்சத்தில் மீட்டினேன். அவள் தலையாட்டிக்கொண்டே பூண்டு உரித்தாள்.

ஊசி காதைக் கெடுக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஊசியை நிறுத்தியிருக்க முடியாது.

"புது கண்டன்சர் வச்சுட்டேன்" என்று உரக்கச் சொன்னேன். அது என் சட்டைப்பையில் இருந்தது.